பெசன்ட் நகர் பழைய ஃப்ளாட்டா, நீலாங்கரை புது ஃப்ளாட்டா?

கடல் பக்கத்தில் வீடு வேண்டும் என்று பத்து வருட ஆசை. போன வருடம் கடனோடு சேர்த்துப் பணம் திரட்ட முடியும் என்று ஆனபோது, பார்த்ததில் இரண்டு வீடுகள்தான் மிஞ்சின. ஒன்று பெசன்ட் நகரில், 1991இல் கட்டிய எட்டு வீட்டுக் கட்டடத்தில் 850 சதுர அடி. விலை 1 கோடியே 45 லட்சம். இன்னொன்று நீலாங்கரையில், அப்போதுதான் கட்டி முடித்த ஐந்து மாடியில் 1,200 சதுர அடி. விலை 1 கோடியே 20 லட்சம். நாங்கள் பெசன்ட் நகர் வீட்டைத்தான் வாங்கினோம்.

பார்த்த உடனே தெரிகிற விஷயங்களில் நீலாங்கரைதான் மேல். லிஃப்ட், கார் நிறுத்துமிடம், ஒரு அறை கூடுதல், புது டைல்ஸ். பெசன்ட் நகரில் இரண்டாவது மாடிக்குப் படியேறித்தான் போக வேண்டும். பதிலுக்கு பஸ் நிலையம், காய்கறிக் கடை, எலியட்ஸ் கடற்கரை எல்லாம் நடக்கிற தூரம். ஊரூர் குப்பத்தில் காலையில் மீன் வாங்கலாம்.

இரண்டு இடத்திலும் மக்கள் பெருகும் விதம் வேறு. பெசன்ட் நகர் வீட்டு வசதி வாரியம் மனை பிரித்துக் கொடுத்து வளர்ந்த பகுதி. காலி மனை அநேகமாகக் கிடையாது. ஒரு வீடு வர வேண்டுமானால் ஒரு வீடு இடிய வேண்டும். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வயதானவர்கள் மட்டும்தான், பிள்ளைகள் வெளிநாட்டில். நீலாங்கரை 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது உள்ளே வந்தது. பழைய மகாபலிபுரம் சாலையின் ஐடி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் குடிவரக் குடிவர, ஒரு குடும்பம் இருந்த மனையில் பத்துக் குடும்பம். தெருவின் அகலம் அதேதான். நாங்கள் பார்க்கப் போன மூன்று முறையும் வாசலில் தண்ணீர் லாரியோ கழிவுநீர் லாரியோ நின்றது.

இதெல்லாம் இருக்கட்டும். எங்கள் முடிவைத் தீர்மானித்தது யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப்பங்கு. பெசன்ட் நகர் கட்டடம் இரண்டு கிரவுண்டில் நிற்கிறது. 4,800 சதுர அடியை எட்டால் வகுத்தால் வீட்டுக்கு 600. நீலாங்கரை வீட்டுக்குப் பத்திரத்தில் வருவது 480. விலையை நிலப்பங்கால் வகுத்துப் பார்த்தேன். பெசன்ட் நகரில் சதுர அடி சுமார் 24,200 ரூபாய், நீலாங்கரையில் 25,000. மனை விலை குறைவான இடத்தில் நிலப்பங்குக்கு அதிகம் கொடுக்கிறோம்! புதுக் கட்டடத்தின் மதிப்பும் அதில் சேர்ந்திருக்கிறது என்பது நியாயமான பதில்தான். ஆனால் உப்புக்காற்று தின்னப் போவது அந்தக் கட்டடத்தைத்தான்.

கடலோரத்தில் இதைச் சும்மா விட முடியாது. காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏற ஏற கம்பி உப்பி, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கான்கிரீட் கட்டுமானத்துக்கான 2000ஆம் ஆண்டின் இந்தியத் தரவிதி ஐஎஸ் 456, கடலோரக் காற்று படுகிற கான்கிரீட்டில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், கேட்கிறது. சாதாரண இடத்துக்கு 20 போதும். எங்கள் கட்டடம் அதற்கு முன்பே கட்டியது. மேஸ்திரி சன்ஷேடின் அடியில் சுத்தியால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் பொத்தென்று மாறியது. "சார், இங்க உள்ள காத்து இருக்கு" என்றார். இன்னொரு தட்டில் உள்ளங்கை அகலப் பூச்சு விழுந்தது. உள்ளே கம்பி செதில் செதிலாக, தேயிலைத்தூள் நிறத்தில் இருந்தது. கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, மருந்தடித்து மறுபடி பூச, எங்கள் பங்குக்கு மட்டும் 70,000 ரூபாய் ஆனது.

அப்படியும் பழையதை ஏன் வாங்கினோம்? கட்டடம் எப்படியும் ஒருநாள் இடியும், மிஞ்சுவது நிலம். முன்பெல்லாம் இடித்துக் கட்ட ஒருவர் மறுத்தாலும் எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். எட்டு வீட்டில் ஆறு பேர். ஆறு பேரோடு மொட்டை மாடியில் உட்கார்ந்து பேச முடியும். நீலாங்கரைக் கட்டடத்தில் நாற்பது வீடு, அங்கே இருபத்தேழு பேர் வேண்டும். கடற்கரையிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை விதிகள் குறுக்கே வரும் என்பதால், அதைத் தாண்டிய தெருவாகத்தான் தேடினோம்.

சட்டம் புதிது, இதன்படி இடித்துக் கட்டிய கட்டடத்தில் குடியிருப்பவர் யாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. நீலாங்கரையில் நாங்கள் குடியிருந்ததும் இல்லை, பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். படியேற முடியாத பெற்றோர் கூட இருந்திருந்தால் லிஃப்ட் உள்ள வீட்டைத்தான் எடுத்திருப்போம். நீலாங்கரையிலேயே சின்னக் கட்டடமாக, 600 சதுர அடி நிலப்பங்கோடு கிடைத்திருந்தால் அதுவே முதல் தேர்வாக இருந்திருக்கும். மூன்று மாதத் தேடலில் அப்படி ஒன்றுதான் வந்தது, அதன் தாய்ப்பத்திரத்தில் சிக்கல் என்று வக்கீல் வேண்டாம் என்றுவிட்டார்.