சிமெண்டுத் தரையா, உமிக் கூளமா? வெண்பன்றிக் கொட்டிலுக்கு எது தோது

காவிரி டெல்டாவின் வெண்ணாற்றுப் பாசனத்தில் உள்ள எங்கள் ஊரில், பன்னிரண்டு வெண்பன்றிகள் கொண்ட ஒரு பேட்சைச் சிமெண்டுத் தரையிலும், அதன்பின் இரண்டு பேட்சுகளைத் தரையில் தடிமனாகப் பரப்பிய உமிக் கூளத்திலும் வளர்த்தேன். இனிக் கூளத்தை விடுவதாக இல்லை என்பதால், இந்த ஒப்பீடு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

சிமெண்டுத் தரை உறுதியானது. நோய் வந்தால் மருந்து தெளித்துச் சுத்தப்படுத்துவதும் எளிது. இதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எடை கூடுவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது கழிவுநீர்தான். நாளைக்கு இரண்டு முறை கழுவியதில் ஐந்நூறு லிட்டர் தொட்டி காலியானது. டெல்டாவில் நிலம் தட்டையாகக் கிடப்பதால் அந்த நீர் வடிய இடமில்லை. வாய்க்காலில் விட்டால் அடுத்தவர் நாற்றங்காலுக்குத்தான் போகும். அதற்காக உறிஞ்சுகுழி வெட்டினேன். ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறி, நான் ஒரு வாளி ஊற்றும் முன்பே குழி கீழிருந்து நிரம்பிவிட்டது. பக்கத்து வயல்காரர், "மாமா, கொல்லைப் பக்கம் நிக்க முடியல" என்று சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

கூளத்தில் கழுவுவதே கிடையாது. தரையை வெளிநிலத்தைவிட இரண்டடி உயர்த்தி, ஒன்றரை அடிக்கு உமி நிரப்பினேன். ஆனால் உமி மட்டும் போதாது. அது ஈரத்தை எளிதில் உறிஞ்சாது, தூசியும் கிளப்பும். ஆகவே மேலே தென்னை நார்க்கழிவும் நறுக்கிய வைக்கோலும் பரப்ப வேண்டியிருக்கிறது. பன்றி, இடம் போதுமானதாக இருந்தால், படுக்கும் இடத்தை விட்டு ஒரு மூலையிலேயே சாணமிடும். அந்த மூலையை மட்டும் இரண்டு நாளுக்கொரு முறை கவைக்கோலால் புரட்டிவிட்டால் போதும். ஒரு பிடி கூளத்தை அள்ளிப் பிழியும்போது உருண்டையாக நின்றால் பதம் சரி. நீர் சொட்டினால் புதுக் கூளம் போட வேண்டும். கூளத்தை நனைப்பது பெரும்பாலும் சிறுநீரைவிட, குடிநீர்க் குழாயில் சிந்தும் நீர்தான் என்பதை, கூளத்தில் வளர்த்த முதல் பேட்சில் அது கெட்ட பிறகே புரிந்துகொண்டேன். அள்ளிய கூளத்தை மக்கவிட்டுக் குறுவைக்கு முன் வயலில் இட்டதில் உமிக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி திரும்பிற்று.

பன்றியின் சுகத்தைப் பார்த்தாலும் கூளமே மேல். சிமெண்டில் வளர்ந்தவற்றுக்கு முன்னங்கால் முட்டியில் தோல் உரிந்தது. மூன்றாம் மாதம் ஒன்றின் வாலை மற்றவை கடித்துக் குதறின. பழைய டயரைக் கட்டித் தொங்கவிட்டேன், மூன்றாம் நாள் எதுவும் அதைச் சீண்டவில்லை. மண்ணை முகர்ந்து கிளறுவது பன்றியின் பிறவிக் குணம். கூளத்தில் மூக்கைக் கண்வரை புதைத்து, இமை மயிரில் உமி ஒட்ட நிமிரும் குட்டிக்கு அடுத்ததன் வால் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் உப்புக் குறைவும் வால்கடிக்குக் காரணமாகலாம் என்று, கூளத்துக்கு மாறிய சமயத்திலேயே தீவனத்தில் உப்பையும் சரிசெய்திருந்ததால், முழுப் பெருமையையும் கூளத்துக்கே தர மனம் ஒப்பவில்லை.

சித்திரை வெயிலில் மட்டும் கூளம் தோற்கிறது. மக்கும் கூளம் சூடாகும். பன்றிக்கோ வியர்த்து உடல் தணியும் வசதியில்லை. அதனால் கொட்டிலில் மூன்றில் ஒரு பங்கைச் சிமெண்டாகவே விட்டு, குடிநீர்க் குழாயை அங்கே மாற்றி, நண்பகலில் நீர் தெளிக்கிறேன். கோடை முழுதும் அவை அங்கேதான் படுக்கின்றன.

சினைப்பன்றி விஷயத்தில் என் அனுபவம் இரண்டு ஈற்றோடு சரி. ஆழமான கூளத்தில் பிறந்த குட்டிகள் புதைந்து, தாயின் அடியில் நசுங்குமோ என்ற அச்சத்தால், 114 நாள் சினைக்காலம் முடியும் தறுவாயில் தாயைத் தனியறைக்கு மாற்றினேன். இரும்புக் கூண்டில் அடைக்கவில்லை. சுவரோரம் குட்டிகள் ஒதுங்க இடம்விட்டுக் குழாய்த் தடுப்பு அமைத்து, காய்ந்த வைக்கோலைப் போட்டேன். ஈனுவதற்கு முந்தைய இரவு அது வைக்கோலை வாய் வாயாகக் கவ்விச் சென்று மூலையில் குவித்தது. முதல் ஈற்றில் ஒரு குட்டி நசுங்கியது. இரண்டாவதில் ஒன்றும் இல்லை, ஆனால் அன்று நான் விடியும்வரை விழித்திருந்தேன்.