ஹீலியோஸ் 44-2: சுழல் சலிச்சுப் போன பிறகும் ஏன் இந்த லென்ஸ் பைக்குள்ளயே இருக்கு

ஹீலியோஸ் 44-2 பத்தி யார் பேச ஆரம்பிச்சாலும் முதல்ல காட்டுறது அந்தச் சுழல் பொக்கே (ஃபோகஸுக்கு வெளிய இருக்கிற மங்கல்) படத்தைத்தான், நடுவுல ஒரு முகம், சுத்தி இருக்கிற இலையெல்லாம் முகத்தைச் சுத்தி ஓடுற மாதிரி. நானும் அதைப் பாத்துதான் வாங்கினேன். ஆனா இத்தனை வருஷம் யூஸ் பண்ணதுல என் கருத்து என்னன்னா, அந்தச் சுழல் இந்த லென்ஸ்ல ரெண்டாம்பட்சம்தான். கொஞ்ச நாள் ஆசை ஆசையா எடுப்பீங்க, வீட்ல இருக்கிற எல்லாரையும் மரத்தடியில நிக்க வெச்சு எடுப்பீங்க, அப்புறம் ஒரே வித்தையை எத்தனை தடவைதான் பாக்குறதுன்னு ஆயிடும். அதுக்கு அப்புறமும் நான் இதை விக்காம வெச்சிருக்கேன்னா காரணம் வேற, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாப் போகும்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 58 எம்எம், எஃப் 2 (வெளிச்சம் நுழையுற ஓட்டை, அதாவது அப்பெர்ச்சரோட அளவு, நம்பர் சின்னதா இருந்தா ஓட்டை பெருசு), மேனுவல் ஃபோகஸ், எம்42 மவுண்ட், அதாவது திருகி மாட்டுற டைப். உள்ள ஆறு கண்ணாடி, நாலு குரூப்பு, அதாவது சில கண்ணாடிங்க ஒன்னோட ஒன்னு ஒட்டி இருக்கும். டிசைன் ஒரிஜினலா ரஷ்யாக்காரங்களோடது இல்ல, ஜெர்மனியில ஜெனா ஊர்ல இருந்த கார்ல் ஸைஸ் கம்பெனியோட பயோட்டார் 58 எம்எம்தான் இதுக்கு மூலம், வில்லி மெர்ட்டேங்கிற டிசைனர் போட்டது, 1930கள் சமாச்சாரம். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் அந்த டிசைன் சோவியத் பக்கம் போய், மாஸ்கோவை ஒட்டி இருக்கிற க்ராஸ்னோகோர்ஸ்க் ஃபேக்டரியில ஜெனித் கேமராவோட சேத்து விக்கிற சாதாரண லென்ஸா செஞ்சு தள்ளினாங்க. அவ்ளோ செஞ்சதாலதான் இன்னிக்கும் சல்லிசா கிடைக்குது. சீரியல் நம்பர்ல முதல் ரெண்டு இலக்கம் பெரும்பாலும் செஞ்ச வருஷம், என்னோடது 78ல ஆரம்பிக்குது.

இப்ப விஷயத்துக்கு வரேன். லென்ஸுக்கு கேரக்டர் இருக்கு, சோல் இருக்குன்னெல்லாம் பேசுறாங்க இல்லையா, எனக்கு அந்தப் பேச்சே ஒத்துக்காது. கண்ணாடிக்கு ஏதுங்க ஆத்மா. டிசைன் பண்றவங்க சரி பண்ண முடியாம, இல்ல அந்த விலைக்குச் சரி பண்ண வேண்டாம்னு விட்ட குறைகள் நாலஞ்சு ஒன்னாச் சேந்து எப்படிப் படத்துல வருதோ அதுதான் கேரக்டர். இது தெரிஞ்சா லென்ஸ் மேல இருக்கிற பிரியம் குறையாது, எந்த இடத்துல எந்தக் குறை வெளிய வரும்னு தெரிஞ்சு எடுக்கலாம், அவ்ளோதான்.

சுழலையே எடுத்துக்கோங்க. பங்குனி உத்திரத்துக்கு எங்க தெரு முழுக்க சீரியல் செட் போடுவாங்க, அப்ப ஒரு ராத்திரி மொட்டை மாடியில ட்ரைபாட் போட்டு, ஃபோகஸை கிட்டத்துல வெச்சு, தூரத்து பல்பெல்லாம் உருண்டையா வர்ற மாதிரி பண்ணி ஸ்க்ரீன்ல பாத்துட்டே ரிங்கைத் திருப்பினேன். எஃப் 2ல நடுவுல இருக்கிற பல்பெல்லாம் நல்ல வட்டம். ஓரத்துக்குப் போகப் போக வட்டம் நசுங்கி எலுமிச்சம்பழ ஷேப்புக்கு வருது, மூலையில இன்னும் மெலிஞ்சிடுது. எலுமிச்சம்பழம் ஒவ்வொன்னும் நீளவாக்குல எந்தப் பக்கம் பாத்து நிக்குதுன்னு பாத்தீங்கன்னா, நடுவைச் சுத்தி வட்டம் போட்டா அந்தக் கோடு போற பக்கம். கண்ணு அதையெல்லாம் சேத்துப் பாத்து சுழலுதுன்னு முடிவு பண்ணிடுது. அப்படியே ரிங்கை 2.8க்குத் திருப்பினா பழம் கொஞ்சம் குண்டாகுது, 4க்கு வந்தா மூலை தவிர எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி எட்டு மூலைச் சில்லு, ஏன்னா ஓட்டையைச் சின்னதாக்குற தகடு, அதாவது பிளேடு, உள்ள எட்டு. சுழல் காலி.

காரணம் சிம்பிள். நேரா வர்ற வெளிச்சத்துக்கு அப்பெர்ச்சர் ஓட்டை முழுசா தெரியும். சாய்வா வர்ற வெளிச்சத்தை லென்ஸோட முன் விளிம்பு ஒரு பக்கம் வெட்டும், பின் விளிம்பு இன்னொரு பக்கம் வெட்டும், மிச்சம் இருக்கிறதுதான் அந்தப் பழம். அப்பெர்ச்சரை மூடினா ஓட்டையே சின்னதாயிடுது, விளிம்பு வெட்டுறதுக்கு ஒன்னும் இல்ல. இதோட ஓரத்துல அஸ்டிக்மாட்டிசமும் (புள்ளி கோடா இழுபடுற குறை) ஃபீல்டு வளைவும் (ஃபோகஸ் தட்டையா இல்லாம வளைஞ்சு விழுறது) சேந்துக்கும், அதனாலதான் பல்பு இல்லாத சாதாரண இலைகூட இழுத்த மாதிரி வருது. இன்னிக்கு வர்ற லென்ஸெல்லாம் முன்னாடி அவ்ளோ பெரிய கண்ணாடி வெச்சு குண்டு குண்டா இருக்கிறதுக்கு இந்த வெட்டைக் குறைக்கிறதும் ஒரு காரணம். இதை கேமரா இல்லாமலே பாக்கலாம், லென்ஸைக் கையில எடுத்து முழுசா திறந்து வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு மெதுவா சாய்ங்க, வட்டம் பழமா மாறுறது கண்ணுக்குத் தெரியும்.

பேக்ரவுண்டு சரியில்லன்னா சுழல் வராது, இதை யாரும் சரியா சொல்றதில்ல. வெள்ளைச் சுவரு, வானம், கடல் எல்லாம் வேஸ்ட். சின்னச் சின்ன ஓட்டை வழியா வெளிச்சம் வரணும், அந்த ஓட்டைங்க ஆளுக்குப் பின்னாடி ஓரளவு தூரத்துல இருக்கணும், ரொம்பக் கிட்ட இருந்தா உருண்டையே வராது, ரொம்பத் தூரம்னா எல்லாம் கரைஞ்சு போயிடும். நம்ம ஊர்ல இதுக்கு வேப்பமரத்தை அடிச்சுக்க ஆளே இல்ல, இலை சின்னது, இடைவெளி நிறைய. புங்கமரமும் ஓகே. வாழைத்தோப்புல நின்னு எடுத்தீங்கன்னா பெரிய பெரிய பச்சைப் பட்டைதான் வரும். அதே மாதிரி இது ஓரத்துல நடக்குற கூத்து, க்ராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமை விடச் சின்ன சென்சார்) கேமராவுல ஓரத்தை வெட்டிடுவான், பாதி சுழல் அதுலயே போயிடும். ஃபுல் ஃப்ரேம் இல்லாதவங்க சுழலுக்காக மட்டும் இதை வாங்காதீங்க, ஏமாந்து போவீங்க.

சரி, நான் ஏன் இன்னும் வெச்சிருக்கேன்? கான்ட்ராஸ்ட், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம். அதாவது கான்ட்ராஸ்ட் இல்லாதது.

ஆறு கண்ணாடி நாலு குரூப்புன்னா காத்தைத் தொடுற பரப்பு மொத்தம் எட்டு. கோட்டிங் (வெளிச்சம் திருப்பி அடிக்கிறதைக் குறைக்கிற மெல்லிய படலம்) போடாத கண்ணாடியில ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், எட்டையும் பெருக்கிப் பாத்தா கால் பங்குக்கு மேல வெளிச்சம் ஒழுங்காப் போய்ச் சேராம வீணாப் போகும். 44-2ல ஒத்தை அடுக்கு கோட்டிங் இருக்கு, அதனால நிலைமை அவ்ளோ மோசம் இல்ல, ஆனா இப்ப வர்ற மல்டி கோட்டிங் அளவுக்கு சுத்தம் கிடையாது. திரும்பி அடிக்கிற வெளிச்சத்துல ஒரு பகுதி உள்ளுக்குள்ளயே முட்டி மோதி கடைசியில படம் முழுக்க லேசா ஒரு பூச்சு மாதிரி விழுது. எஃப் 2ல இன்னொன்னும் நடக்கும், ஸ்பெரிகல் அபெரேஷன் (கண்ணாடியோட ஓரம் வழியா வர்ற வெளிச்சமும் நடு வழியா வர்றதும் ஒரே இடத்துல சேராத குறை) முழுசா சரி பண்ணாததால கோடெல்லாம் ஷார்ப்பாவும் இருக்கும், அதைச் சுத்தி ஒரு சன்னமான ஒளியும் இருக்கும். ஜூம் பண்ணிப் பாத்தா கண் இமை ஒவ்வொன்னும் தெரியும், ஆனா கன்னத்துல இருக்கிற குழி தெரியாது.

நம்ம ஊரு மத்தியான வெயில்ல போர்ட்ரெய்ட் எடுத்தவங்களுக்கு இதோட அருமை புரியும். கல்யாணத்துக்குப் போறோம், மாப்பிள்ளை அழைப்பு மண்டப வாசல்ல, உச்சி வெயில், நெத்தியில எண்ணெய் மினுமினுப்பு, கண்ணுக்கடியில கரிப் பூசின மாதிரி நிழல். என்கிட்ட இருக்கிற நவீன 50 எம்எம் இதை அப்படியே கறாரா பதிவு பண்ணிக் குடுக்கும், எங்க சித்தி பாத்துட்டு “என்னடா என்னை பேய் மாதிரி எடுத்திருக்க”ன்னாங்க. அதே இடத்துல ஹீலியோஸ்ல எடுத்தா அந்தப் பூச்சு நிழலுக்குள்ள போய் உக்காந்து இருட்டைத் தணிச்சிடுது. நிழல்ல புதுசா டீட்டெயில் எதுவும் வந்துடாது, அது வேற, ஆனா முகம் சாந்தமா தெரியும். “இதை அனுப்பு, டிபி வெச்சுக்கறேன்”னு சித்தி கேட்டது அந்தப் படத்தைத்தான். எடிட்ல ஸ்லைடரை இழுத்தா வராதான்னு கேப்பீங்க, ஓரளவு வரும். ஆனா எடிட்ல நிழலைத் தூக்கினா எல்லா ஃப்ரேமுக்கும் ஒரே மாதிரி தூக்கும், லென்ஸ்ல அது வெளிச்சம் எந்தப் பக்கத்துல இருந்து வருதுங்கிறதைப் பொறுத்து மாறிட்டே இருக்கும், ஆள் ஒரு அடி நகர்ந்தா படமே வேற.

அதுலயே வில்லங்கமும் இருக்கு. சாயங்காலம் சூரியன் ஃப்ரேமுக்குப் பக்கத்துல வந்துட்டா மொத்தப் படமும் வெளிறிப் போகும், சில சமயம் குறுக்க வானவில் துண்டு மாதிரி ஒன்னு விழும். பிடிச்சவங்க அதுக்காகவே எடுக்குறாங்க, எனக்கு அளவோட இருந்தா போதும். 49 எம்எம் ஃபில்டர் சைஸ்ல ரப்பர் ஹுட் (வெயிலை மறைக்கிற மறைப்பு) ஒன்னு மாட்டிட்டேன், வேணாம்னா கையாலயே வெயிலை மறைச்சு மறைச்சுப் பாத்து எவ்ளோ பூச்சு வேணுமோ அவ்ளோ விட்டுக்கலாம். இந்த விளையாட்டு எனக்குச் சலிக்கவே இல்ல, சுழல் மாதிரி இல்லாம ஒவ்வொரு தடவையும் வேற வேற மாதிரி வருது.

கையாளுறது பத்திச் சொல்லணும்னா, ரெண்டு அப்பெர்ச்சர் ரிங். ஒன்னுல நம்பரை செட் பண்ணிடுவீங்க, இன்னொன்னு சத்தமில்லாம வழுக்கிட்டு எஃப் 2க்கும் அந்த நம்பருக்கும் நடுவுல போய்ட்டு வரும். திறந்து வெச்சு ஃபோகஸ் பண்ணு, மூடு, எடு. மிரர்லெஸ்ல (ஸ்க்ரீன்லயே படத்தைப் பாத்து எடுக்கிற இப்பத்திய கேமரா) ஸ்க்ரீனே பிரகாசமா காட்டுறதால இது தேவையே இல்ல, ஆனா வீடியோ எடுக்கிறவங்களுக்கு அந்த வழுக்கல் ரிங் லாபம். ஃபோகஸ் ரிங் நிறைய சுத்தும், அரை மீட்டர் வரைக்கும் கிட்ட போகலாம். குழந்தைங்க ஓடுறப்ப இதை வெளிய எடுக்காதீங்க, பாட்டி திண்ணையில உக்காந்து கீரை ஆயுறப்ப எடுங்க.

இதே லாஜிக்ல மத்த பழைய லென்ஸையும் பாக்கலாம். மேயர் ஆப்டிக்கோட ட்ரயோப்ளான் 100 எம்எம்ல சோப்பு நுரை மாதிரி விளிம்பு மட்டும் மின்னுற உருண்டை வருதுன்னு கொண்டாடுறாங்களே, அது ஸ்பெரிகல் அபெரேஷனை அளவுக்கு மீறி எதிர்ப்பக்கம் திருத்தினதால வர்றது, மூணே மூணு கண்ணாடிதான் அதுல. பென்டாக்ஸோட பழைய சூப்பர் டக்குமார் 50 எம்எம் எஃப் 1.4ல மஞ்சள் கலர் வருதுன்னா கண்ணாடியில தோரியம்ங்கிற கதிரியக்கப் பொருள் கலந்திருக்கிறதுதான் காரணம், யூவி லைட்ல கொஞ்ச நாள் வெச்சா அந்த மஞ்சளே பெருமளவு போயிடும். அப்ப அந்த ‘வின்டேஜ் டோன்’ எங்க போச்சு? அதனாலதான் கேரக்டர்னு சொல்லி விலையை ஏத்துறப்ப எந்தக் குறைக்கு நாம காசு குடுக்குறோம்னு ஒரு தடவை கேட்டுக்கணும்.

சென்னை மாதிரி ஊர்ல இதை வெச்சுக்கிறது தனி வேலை. மழைக்காலத்துல பீரோவுல துணியோட போட்டு வெச்சா ஃபங்கஸ் (பூஞ்சை) நிச்சயம், அது கோட்டிங்கை அரிச்சுட்டா தொடச்சாலும் தழும்பு நிக்கும். மூடி இறுக்கமா இருக்கிற பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், கலர் மாறினா வறுத்து திருப்பி வெக்கிறது, போதும். தோல் பை வேண்டாம், ஃபங்கஸுக்கு அதுவே வீடு. பிளேடுல எண்ணெய் கசிஞ்சு இருந்தா பயப்படாதீங்க, கையால திருப்புற அப்பெர்ச்சர்ங்கிறதால அது வேலையைக் கெடுக்காது, எண்ணெய் ஆவியாகி கண்ணாடி மேல படியுதான்னு மட்டும் பாருங்க. ஃபோகஸ் ரிங் டைட்டா இருந்தா பழைய கிரீஸ் காஞ்சிருக்கு, தெரிஞ்ச மெக்கானிக் கிட்ட குடுத்தா மாத்திடுவாரு.

வாங்கறப்ப மொபைல் டார்ச்சை பின்பக்கம் அடிச்சு முன்பக்கமா பாருங்க. நான் முதல்ல ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட வாங்கினது ‘பளிச்னு இருக்கு’ன்னு போட்டோ எல்லாம் போட்டு வந்தது, டார்ச் அடிச்சா உள்ள பனி மூட்டம், திருப்பி வாங்க மாட்டேன்னுட்டாரு, சண்டை போட்டு பாதிக் காசு வந்தது. லேசான தூசி, ஒன்னு ரெண்டு குமிழி எல்லாம் படத்துல தெரியாது, அதுக்கு பேரம் மட்டும் பேசுங்க.

அடாப்டர் (பழைய லென்ஸை வேற கேமராவுல மாட்ட நடுவுல போடுற வளையம்) விஷயம்: எம்42ல மவுண்டுல இருந்து ஃபிலிம் வரைக்கும் 45.46 எம்எம், சோனி ஈ மவுண்டுல 18, அதனால நடுவுல வர்ற அடாப்டர் வெறும் காலி குழாய், கண்ணாடி கிடையாது, விலை கம்மியானதே போதும். நிக்கானோட பழைய எஃப் மவுண்டுல 46.5, அதுல மாட்டினா தூரத்துக்கு ஃபோகஸ் ஆகாது, கண்ணாடி வெச்ச அடாப்டர் வாங்கினா படம் கெடும். சோனியில மாட்டினதும் மெனுவுக்குப் போய் லென்ஸ் இல்லாமலே ஷட்டர் அடிக்கிற ஆப்ஷனை ஆன் பண்ணணும், பாடியிலயே ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்தைச் சரி பண்ற வசதி) இருந்தா 58ன்னு கையால போடணும். 44-2 கிடைக்காம 44எம் சீரிஸ் எடுக்கிறீங்கன்னா, 44எம்-4ல இருந்து ஆட்டோ மேனுவல் சுவிட்ச் கிடையாது, லென்ஸுக்குப் பின்னாடி நீட்டிட்டு இருக்கிற சின்ன ஊசியை (பின்) அமுக்குற விளிம்பு வெச்ச அடாப்டரா பாத்துக் கேட்டு வாங்குங்க, இல்லன்னா எந்த நம்பர் வெச்சாலும் எஃப் 2லயே நிக்கும்.