விஎல்சி, எம்பிவி: நீண்ட காலப் பயன்பாட்டில் வீடியோ கோளாறுகளைப் பிரித்தறியும் முறை

வீட்டுக் கணினியில் வீடியோ திக்கித் திக்கி ஓடினால், பலரும் உடனே இன்னொரு பிளேயரை நிறுவுகிறார்கள். அதுவும் சரிவராவிட்டால் ஒரு கோடெக் பேக்கை, அதாவது பல வகை வீடியோக்களைப் படிக்க உதவும் நிரல்களின் தொகுப்பை, தேடுகிறார்கள். கோடெக் பேக் வேண்டவே வேண்டாம். விஎல்சி, எம்பிவி என்ற இலவச வீடியோ பிளேயர்கள் இரண்டும் தங்களுக்கு வேண்டிய டிகோடர்களை (சுருக்கிய வீடியோவைப் பிரித்தெடுக்கும் நிரல்களை) தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன, வெளியிலிருந்து போடுவதைத் தொடுவதில்லை. பல வருடங்கள் இரண்டையும் அன்றாடம் பயன்படுத்தியதில் உறுதியாகச் சொல்ல முடிவது ஒன்றுதான்: கோளாறு கோப்பிலா, டிகோடிங்கிலா, திரைக்கு அனுப்பும் கட்டத்திலா என்று பிரித்துப் பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது.

விஎல்சியில் வீடியோ ஓடும்போதே கன்ட்ரோல் விசையோடு ஜே-யை அழுத்தினால் கோடெக் விவரங்கள் வரும். அதே சாளரத்தின் புள்ளிவிவரப் பகுதியில் இழந்த ஃபிரேம்களின், அதாவது திரைக்கு வராமல் போன தனித்தனிப் படங்களின், எண்ணிக்கை இருக்கும். முன்னும் பின்னும் தள்ளும்போது அந்த எண் கொஞ்சம் ஏறுவது இயல்பு. சும்மா ஓடும்போதும் ஏறிக்கொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும். எம்பிவி இந்த இடத்தில் ஒரு படி மேல். ஷிஃப்டோடு ஐ விசையை அழுத்தினால், விடுபட்ட ஃபிரேம்களை டிகோடரில் எத்தனை, வெளியீட்டில் எத்தனை என்று தனித்தனியாகக் காட்டும். முதல் எண் ஏறினால் பிராசசரோ கிராபிக்ஸ் சிப்போ வீடியோவைப் பிரித்தெடுக்கத் திணறுகிறது. இரண்டாவது ஏறினால் கிராபிக்ஸ் டிரைவர், திரை, பின்னணியில் ஓடும் மற்ற நிரல்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வசதிக்காகவே எம்பிவியை ஒவ்வொரு கணினியிலும் வைத்திருக்கலாம், மெனு பட்டை இல்லாத அதன் முகம் பழகக் கொஞ்ச நாள் பிடித்தாலும்.

திணறலுக்குப் பெரும்பாலும் காரணம் கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கிய முறைதான். கோப்பின் பெயரில் இருக்கும் எம்கேவி, எம்பி4 எல்லாம் வெறும் உறை. உள்ளே இருப்பது எச்.264 என்றால் பழைய கணினியும் சமாளிக்கும். 4கே அளவில் 10 பிட் எச்இவிசி என்ற புதிய கோடெக் என்றால் அதற்கென்று தனிச் சுற்று கிராபிக்ஸ் சிப்பில் இருந்தால்தான் சாதாரணக் கணினி தாங்கும். இன்டெலில் அது 7-ஆம் தலைமுறையிலிருந்து இருக்கிறது. அதைவிடப் புதிய கோடெக்கான ஏவி1 என்றால் இன்டெலில் 11-ஆம் தலைமுறை மடிக்கணினிச் சிப்கள், என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வரை வர வேண்டும். சுற்று இருந்தும் அது வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தைத் திறந்து வீடியோ டிகோட் வரைபடத்தைப் பாருங்கள். ஏஎம்டி கார்டுகளில் அது வீடியோ கோடெக் என்ற பெயரில் இருக்கலாம். படம் ஓடும்போது அந்தக் கோடு தரையோடு தரையாகக் கிடந்து பிராசசர் மட்டும் 90 சதவீதத்தில் நின்றால், ஹார்டுவேர் டிகோடிங் (அந்தச் சுற்றே வீடியோவைப் பிரித்தெடுப்பது) நடக்கவில்லை. விஎல்சியில் பிரிஃபரன்சஸ் போய், இன்புட்/கோடெக்ஸ் பகுதியில் ஹார்டுவேர் டிகோடிங்கை ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள். எம்பிவி மென்பொருள் டிகோடிங்கில்தான் தொடங்கும். கன்ட்ரோலோடு எச் அழுத்தினால் மாறும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 10 பிட் எச்.264 கோப்புகளைப் பெரும்பாலான கிராபிக்ஸ் சிப்கள் ஏற்பதில்லை. அங்கே பிராசசர்தான் உழைக்க வேண்டும், செட்டிங்ஸை நோண்டிப் பயனில்லை.

இதற்கு நேர்மாறாக, பச்சைத் திரையோ கட்டம் கட்டமாகச் சிதறும் படமோ வந்தால் ஹார்டுவேர் டிகோடிங்கை நிறுத்திவிட்டு அதே இடத்தை மறுபடி ஓட்டுங்கள். சரியானால் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். நிறுத்திய பிறகும் அதே நொடியில் சிதறினால் கோப்பே பழுது.

முதல் 20 நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திக்கினால் அது சூடு. விசிறியில் தூசி அடைத்திருக்கும், அல்லது மடிக்கணினி மெத்தைமேல் இருக்கும். வெளி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஓடும்போது மட்டும் நின்று நின்று போனால் கேபிளின் வேகத்தைக் குறை சொல்லாதீர்கள். 4கே புளூ-ரேயின் உச்ச வேகமே நொடிக்கு 128 மெகாபிட், அதாவது 16 மெகாபைட். யுஎஸ்பி 2.0 நடைமுறையில் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தரும். கோப்பை உள் டிஸ்க்குக்கு நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் கேபிள் பழுதா என்று மாற்றிப் பார்த்துவிட்டு, டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் நிலுவை செக்டர் (டிஸ்க் படிக்கத் திணறிய பகுதிகள்) எண்ணிக்கையைப் பாருங்கள். பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் படம் பார்ப்பதை விட்டுவிட்டு முதலில் தரவை வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

ஒரு ஃபிரேம்கூட விடுபடாமலே படம் நடுங்குவதும் உண்டு. கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் நன்றாகத் தெரியும். நொடிக்கு 24 ஃபிரேம் உள்ள படத்தை 60 ஹெர்ட்ஸ் திரை (நொடிக்கு 60 முறை புதுப்பிப்பது) காட்டும்போது ஒரு ஃபிரேம் 3 முறை, அடுத்தது 2 முறை என்று மாறி மாறி வருவதுதான் காரணம். திரையை 24 அல்லது 120 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போய்விடும். இதைக் கோளாறு என்று நினைத்துக் கணினியையே மாற்றுபவர்கள் இருக்கிறார்கள் என்பது வருத்தம். எச்டிஆர் கோப்பு (கூடுதல் வெளிச்ச வீச்சு உள்ள வீடியோ) சாதாரணத் திரையில் வெளிறித் தெரிந்தாலும் கணினியில் தவறில்லை. அதை எம்பிவி கையாளும் விதம் விஎல்சியின் 3-ஆம் பதிப்பைவிட நன்றாக இருக்கிறது.

யூடியூபில் படத்தின்மேல் வலது கிளிக் செய்து ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸைத் திறந்தால் இதே சோதனையைச் செய்யலாம். பஃபர் ஹெல்த் (முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும் வீடியோவின் அளவு) பல நொடிகள் இருந்தும் ஃபிரேம்கள் விடுபட்டால் இணையத்தில் குறையில்லை. பஃபர் பூஜ்ஜியத்துக்கு இறங்கினால் இணையம்தான். பழைய கணினியில் கோடெக் வரியில் ஏவி01 அல்லது விபி09 இருந்தால், எச்264இஃபை போன்ற பிரவுசர் நீட்டிப்பு எச்.264-க்கு மாற்றித் தரும். ஆனால் 1080பி-க்கு மேல் கிடைக்காது.

புளூடூத் ஹெட்போனில் ஒலி பிந்தினால் விஎல்சியில் ஜே விசை, ஒரு அழுத்துக்கு 50 மில்லிவினாடி முன்னே இழுக்கும். பழைய கேம்கார்டர் வீடியோவில் அசைவின் ஓரங்களில் சீப்புப்பல் போலக் கோடுகள் வந்தால் விஎல்சியில் டி விசையை அழுத்திப் பாருங்கள்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். விஎல்சியின் சப்டைட்டில் அமைப்பில் நிர்மலா யுஐ அல்லது லதாவைத் தேர்ந்தெடுங்கள். புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் குறியேற்றம் (எழுத்துகளை எண்களாகப் பதியும் முறை) பொருந்தவில்லை. அதே பக்கத்தில் யுடிஎஃப்-8 என்று மாற்றுங்கள். அப்போதும் மாறாவிட்டால் கோப்பு திஸ்கி போன்ற பழைய குறியேற்றத்தில் இருக்கும். யூனிகோடு மாற்றியில் போட்டு எடுத்தபின்தான் எந்தப் பிளேயரிலும் படிக்க முடியும்.