ஆல்டோவை விட்டுப் பழைய பிரெஸ்ஸாவுக்கு: மூன்று வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

ஆல்டோ 800 என்னை ஒரு நாளும் நடுரோட்டில் நிறுத்தியதில்லை. விற்றதற்குக் காரணம் அம்மாவின் முழங்கால். இரண்டு காலிலும் தேய்மானம். அந்த வண்டியில் ஏறுவது அவருக்குக் கிணற்றுக்குள் இறங்குவது மாதிரி ஆகிவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, கடைசி அரையடி பொத்தென்று விழுந்துதான் உட்காருவார். இறங்கும்போது நான் சுற்றி வந்து கை கொடுத்தால்தான் எழ முடியும்.

ஆக, எனக்கு வேண்டியிருந்தது எஸ்யூவி அல்ல, சீட்டின் உயரம். நின்ற நிலையில் இடுப்பைப் பின்னால் தள்ளினால் சீட் அங்கே இருக்க வேண்டும். குனியவும் கூடாது, காலைத் தூக்கி ஏறவும் கூடாது. கூடவே, தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக்குப் போகிற மண் தடத்தில் ஆல்டோவின் வயிறு அடிக்கடி தரை தட்டும். 160 மில்லிமீட்டர் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி, அதற்குப் பத்தாது. 2022-இல் எட்டு லட்சத்துக்குள் இந்த இரண்டும் வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்ட் காம்பாக்ட் எஸ்யூவிதான் எனக்குச் சரியாகப் பட்டது. 

வண்டி பார்க்கப் போகும்போதெல்லாம் அம்மாவையும் கூட்டிப் போனேன். புரோக்கர்கள் மைலேஜ், சன்ரூஃப், டச் ஸ்கிரீன் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அம்மா பேசாமல் போய் முன் சீட்டில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து பார்ப்பார். நெக்ஸானில் உட்கார்ந்துவிட்டு, "இதுல ஏறோணும் கண்ணு" என்றார். 209 மில்லிமீட்டர் கிளியரன்ஸ், அவர் உயரத்துக்குக் கொஞ்சம் தூக்கல். எனக்கு ஆசை இருந்தது. 2018 கடைசியில் குளோபல் என்கேப் விபத்துப் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பு அதுதானே. ஆனால் உட்காரப் போவது அவர்.

ஈகோஸ்போர்ட் ஓட்ட அருமை, ஸ்டீயரிங் கையில் பேசும். மறைமலை நகரில் பிறந்த வண்டி வேறு. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததும் விலை இறங்கியிருந்தது; பேரம் பேசத் தெரிந்தவருக்கு அது நல்ல நேரம். என்னைத் தயங்க வைத்தது பின்கதவு. ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறக்கும். பின்னால் சுவர் நெருக்கமாக இருக்கும் எங்கள் வீட்டு ஷெட்டில் அதைப் பாதிதான் திறக்க முடியும். வெங்காய மூட்டையை எப்படி இறக்குவது? அதோடு டீசல் இன்ஜினில் டைமிங் பெல்ட், காலாகாலத்தில் மாற்றியே ஆக வேண்டிய சாமான். முந்தைய ஓனர் மாற்றினாரா என்பதற்கு ரசீது இல்லாமல் நம்பக் கூடாது. பிரெஸ்ஸாவின் 1.3 டீசலில் பெல்ட்டுக்குப் பதில் செயின், அந்தக் கவலை இல்லை.

வென்யூ பிடித்திருந்தது, ஆனால் பட்ஜெட்டுக்குள் வந்ததெல்லாம் 1.2 பெட்ரோல். ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு வால்பாறை போகிற எனக்கு அது ஒத்து வராது.

கடைசியில் 2018 மாடல் பிரெஸ்ஸா டீசல். அம்மா உட்கார்ந்தார், எழுந்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுவே தீர்ப்பு.

ஆனால் முதலில் பார்த்த பிரெஸ்ஸாவை வாங்கவில்லை. ஓடோமீட்டர் ஐம்பதாயிரத்துக்குக் கீழே காட்டியது. கிளட்ச் பெடல் ரப்பரில் வரிகளே இல்லை, வழுவழுவென்று தேய்ந்திருந்தது. ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம் மட்டும் பளபளப்பு. ஐம்பதாயிரத்தில் இப்படித் தேயாது. பதிவு எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் விசாரித்தால், இரண்டு வருடம் முன்னாலேயே அதைவிட அதிகம் ஓடியிருக்கிறது. புரோக்கரிடம் கேட்டேன். "மீட்டர் மாத்துனாங்களோ என்னமோங்ணா, நமக்குத் தெரியலீங்" என்று சிரித்தார்.

அடுத்த வண்டியில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தேன். 2021 நவம்பர் மழையில் சென்னையில் நிறைய வண்டிகள் மூழ்கின. கழுவி, பாலிஷ் போட்டு மேற்கே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அப்போது இருந்தது. சீட் கவரை மாற்றலாம், கார்ப்பெட்டை மாற்றலாம். பெல்ட்டின் உள்முனையில் படிந்த சேற்றுக் கோட்டைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள். ஸ்டெப்னி குழியையும், சீட் தண்டவாளத்தின் துருவையும் டார்ச் அடித்துப் பார்க்கலாம். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2318 என்றால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம். நான் வாங்கிய வண்டியில் நான்கு டயரும் வண்டியோடு வந்தவை. ஓடிய தூரத்தோடு ஒத்துப் போயின.

"நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். குளிர்ந்த டீசல் இன்ஜின் முதல் சாவியில் எப்படிக் கிளம்புகிறது, புகை என்ன நிறம் என்பது டெஸ்ட் டிரைவைவிட அதிகம் சொல்லும்.

இந்த மாடலில் இன்னொன்று. 2018 நடுவில்தான் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) எல்லா வேரியன்ட்டிலும் வந்தன. அதற்கு முந்தைய கீழ் வேரியன்ட் என்றால் பக்கத்து சீட்டுக்கு ஏர்பேக் இருக்கிறதா என்று டேஷ்போர்டில் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

டெல்லிப் பதிவு டீசல் வண்டி ஒன்றும் மலிவாக வந்தது. பத்து வருடமான டீசல் வண்டி அங்கே ஓடக் கூடாது என்று அப்போது இருந்ததால் தெற்கே தள்ளிவிட்டார்கள். என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே மறுபடி சாலை வரி, புது நம்பர் என்று கூட்டினால் மலிவு கரைந்துவிடும். வேண்டாம் என்றேன்.

பேப்பர் வேலையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 எல்லோருக்கும் தெரியும். லோன் இருந்த வண்டி என்றால் ஆர்சியில் அந்த லோனை நீக்குவதற்கான ஃபார்ம் 35-உம் பேங்க் என்ஓசியும் கையில் வராமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். ஆல்டோவில் சேர்ந்திருந்த நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) வண்டியோடு போகாது, அது நம்முடையது. இன்சூரன்ஸ் கம்பெனியில் கடிதம் வாங்கி வைத்தால் மூன்று வருடம் வரை அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். என் முதல் பிரீமியத்தில் நல்ல தொகை இதனால் மிச்சமானது.

இனி ஓட்டம். மாதம் சுமார் 1500 கிலோமீட்டர், பாதிக்கு மேல் பல்லடம் ரோடு. ஹைவேயில் லிட்டருக்கு இருபது தாண்டும், கோவைக்குள் பதினாறு, பதினேழு. கம்பெனி சொன்ன 24.3-ஐ நான் எதிர்பார்க்கவும் இல்லை. எண்பதில் போகும்போது வண்டி ரோட்டில் உட்கார்ந்து போகிறது. மெதுவாகப் போகும்போது குழிகள் கொஞ்சம் நன்றாகவே தெரியும்; சஸ்பென்ஷன் இறுக்கம். 198 மில்லிமீட்டர் கிளியரன்ஸ் தோட்டத்துத் தடத்தில் முதல் நாளே தன் வேலையைக் காட்டியது, அதன் பிறகு அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

மலையில் ஒரு பழக்கம் வேண்டும். ஆழியாறு தாண்டினால் வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். இந்த 1.3 டீசல் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே தூங்கும், அதற்கு மேல் டர்போ விழித்துக்கொண்டு தள்ளும். வளைவுக்குள் இரண்டாம் கியரில் வேகம் குறைந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் ஒரு நொடி ஒன்றும் நடக்காது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஆல்டோ இந்த விஷயத்தில் எளிமை: சக்தி குறைவு, ஆனால் காலுக்கு உடனே பதில் சொல்லும்.

எதிர்பார்க்காதது ஆடிக் காற்று. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சும்மாவா நட்டிருக்கிறார்கள்? பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வருகிற காற்று உயரமான வண்டியின் பக்கவாட்டில் அறையும். லாரியை ஓவர்டேக் செய்து அதன் மறைவிலிருந்து வெளியே வரும் அந்தக் கணத்தில் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆனி, ஆடியில் எண்பதைத் தாண்டுவதில்லை.

செலவு? கிளட்ச் ஒருமுறை மாற்றினேன். முந்தைய ஓனர் பெடலில் காலை வைத்தே ஓட்டியிருப்பார் போல. பேட்டரி ஒன்று. டயர்தான் கையைக் கடித்தது. ஆல்டோவுக்கு 12 இன்ச், இதற்கு 16 இன்ச். நான்கும் மாற்ற முப்பதாயிரத்தை ஒட்டி வந்தது. ஆல்டோவுக்கு அதில் பாதிகூட ஆகாது. அகலமும் ஓரடி கூடுதல், ஆகவே டவுன்ஹால் பக்கம் போக வேண்டுமென்றால் இன்றும் ஸ்கூட்டர்தான். எஸ்யூவிக்கு மாறுகிறவர்கள் வண்டி விலையையும் மைலேஜையும் கணக்குப் போடுகிறார்கள், டயரையும் பார்க்கிங்கையும் போடுவதில்லை.

என் தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை இப்போது இதே டீசலைத் தேடுகிறார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஆபீஸ் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டினால் அதிகம். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்குப் பெரிய விலை வித்தியாசம் இல்லை. அந்த ஓட்டத்தில் டீசலுக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு திரும்பாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ் 6 டீசல் வண்டி எதையாவது எடுத்து ஊருக்குள்ளேயே உருட்டினால் டிபிஎஃப் எனும் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும் தொல்லை தனி. 2020-இலிருந்து 2022 நடுப்பகுதி வரை வந்த 1.5 பெட்ரோல் பிரெஸ்ஸா அவருக்குப் போதும். தங்கச்சியும் ஓட்டுவாள் என்பதால் ஆட்டோமேட்டிக் பார்க்கச் சொன்னேன். நான்கு கியர், டார்க் கன்வெர்ட்டர் என்ற பழைய பாணி ஆட்டோமேட்டிக், கொஞ்சம் பெட்ரோல் குடிக்கும், ஆனால் டிராஃபிக்கில் உதறாது. அவருக்கோ இன்னும் சன்ரூஃப் ஆசை போகவில்லை.