பன்னிரண்டு கோழிக் கம்பிக் கூண்டு: ஓராண்டு வைத்துப் பார்த்த பிறகு

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், தெருநாயும் கீரியுமாகச் சேர்ந்து இரண்டே மாதத்தில் என் ஏழு நாட்டுக்கோழிகளைக் கொண்டுபோன பிறகு, சென்ற ஆண்டு ஐப்பசியில் கால் வைத்த கம்பிக் கூண்டு ஒன்றை ஒரு பட்டறையில் 7,500 ரூபாய்க்கு வாங்கினேன். துத்தநாகம் பூசிய கம்பிவலை, முன்பக்கம் தீவனத் தொட்டி, முட்டை உருண்டு வந்து நிற்பதற்குச் சரிவான தரை, மேலே தகரக் கூரை, 20 லிட்டர் வாளியிலிருந்து குழாய் வழியே வரும் தண்ணீரை, கோழி அலகால் அழுத்தும்போது சொட்டவிடும் நிப்பிள்கள் ஆகியவை இதன் உறுப்புகள். 50 நாள் வயதான, முட்டைக்கென்றே வளர்க்கும் பிவி 380 இனக் கோழிகள் பன்னிரண்டும் அதே பட்டறைக்காரர் மூலமாகவே வந்தன.

பாதுகாப்பைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓராண்டில் ஒரு கோழியைக்கூட நாயோ கீரியோ மரநாயோ தொடவில்லை. தரையின் சரிவும் சரியாக அமைந்திருப்பதால் முட்டை எச்சம் படாமல் முன்னால் வந்துவிடுகிறது. தை பிறந்ததும் முட்டையிடத் தொடங்கிய கோழிகள், மாசியில் நாளுக்குப் பத்து, பதினொன்று என்று கொடுத்தன. ஒரு கோழிக்கு 110 முதல் 120 கிராம் என்ற கணக்கில் முட்டைக்கோழித் தீவனம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1.4 கிலோ ஆகிறது. 50 கிலோ மூட்டை ஐந்து வாரம் வருகிறது.

குறை தண்ணீரில்தான். "வாரத்துக்கு ஒரு தடவை வாளியை நிரப்பினால் போதும் அக்கா, வேறு வேலையே இல்லை" என்று விற்கும்போது சொன்னார்கள். கோழி தான் தின்னும் தீவனத்தைப்போல இரு மடங்கு தண்ணீர் குடிக்கும் என்பதால் பன்னிரண்டு கோழிக்கு நாளுக்கு மூன்று லிட்டர் ஆகும்; அந்தக் கணக்குப்படி 20 லிட்டர் ஆறு நாளுக்கு வரும் என்பது உண்மையே. ஆனால் ஆறு நாள் ஒரே தண்ணீர் வெள்ளை வாளியில் வெளிச்சம் பட்டு நின்றால் பாசி பிடிக்கிறது. அந்தப் பாசி நிப்பிளுக்குள் போய் அடைக்கிறது. வெளிப்பக்கம் பொருத்தியிருக்கும் குழாய் வெயிலில் காய்ந்து, நண்பகலில் விரல் வைத்தால் சுடுகிறது. பங்குனி, சித்திரை வெயில் பாலக்காட்டில் எப்படிக் கொளுத்தும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கோழிகள் சுடுநீரைக் குடிக்காமல் அலகைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு நின்றன; முட்டை ஆறாகக் குறைந்தது; வந்ததும் கைபட்டாலே உடையும் மெல்லிய ஓடு.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அப்படி இரைக்கும்போது இரத்தத்திலுள்ள கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி, ஓட்டுக்குச் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்துக் குறைகிறது. இதை அறியாமல் நான் தீவனத்தின்மேல் சந்தேகப்பட்டு மூட்டையை மாற்றியது வீண் செலவு. வாளியை நிழலுக்கு மாற்றி, குழாயின்மேல் ஈரச் சாக்கைச் சுற்றி, தகரத்தின்மேல் பனையோலை வேய்ந்து, காலையில் அன்றன்றைய தண்ணீரை மட்டும் ஊற்றத் தொடங்கிய பிறகே நிலைமை சீரானது. முட்டையின் ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது என்பதால், கிளிஞ்சல் தூளை மாலைத் தீவனத்தோடு வைக்கிறேன். நிப்பிள் ஒவ்வொன்றையும் காலையில் விரலால் அழுத்திச் சொட்டுகிறதா என்று பார்ப்பது இப்போது பல் துலக்குவதைப்போல வழக்கமாகிவிட்டது. சத்து மருந்துப் பொடியை அந்த வாளியில் ஒருபோதும் கலக்க வேண்டாம். அடியில் தங்கி அடைத்துக்கொள்ளும்.

கூண்டுக்கு அடியில் விழும் எச்சம் மழைக்காலத்தில் ஈயையும் நாற்றத்தையும் கொண்டுவருகிறது. உமியும் சுண்ணாம்புத் தூளும் தூவி வாரம் ஒரு முறை வாரிக் குழியில் மட்கவைத்தால் தென்னைக்கு நல்ல எரு. பட்டறையில் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

கோழிகளைப் பற்றியும் ஒரு வருத்தம் உண்டு. "எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்று வாயால் சொன்னார்களே தவிர, எந்த நாளில் எந்தத் தடுப்பு மருந்து என்று எழுதித் தரவில்லை. வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கு முதல் வாரத்தில் கண்ணில் விடும் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் போடும் ஊசியும் வேறு வேறு. 50 நாள் கோழிக்கு இரண்டாவதும் போட்டார்களா என்று தெரியவில்லை. நான் கால்நடை மருந்தகத்தில் கேட்டு அதைப் போட்டுக்கொண்டேன். வாங்குகிறவர்கள் கேட்டு எழுதி வாங்குவது நல்லது.

அடைகாத்துக் குஞ்சு பொரிக்கவும், மேய்ந்து திரியவும் கோழி வேண்டுமென்றால் இந்தக் கூண்டும் பிவி 380-உம் பொருந்தா. மேய்ச்சலுக்குத் திருச்சூர் அருகே மண்ணுத்தியில் உருவான கிராமஸ்ரீ இனக் கோழியையோ நாட்டுக்கோழியையோ வாங்கி, இரவில் அடைக்க மட்டும் எளிய மரக்கூடு ஒன்று வைத்துக்கொள்ளலாம். சிறிய புழக்கடையில் வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் முட்டை வேண்டும் என்பவர்களுக்கு, கொடுத்த விலைக்கு இது தகும். நான் இன்னொன்று வாங்குவதாக இருந்தால், அடியில் கைவிட்டு வாருவதற்கு வசதியாகக் கால்களை அரையடி கூட்டி, நிப்பிள் குழாயைக் கூரையின் நிழல் விழும் உட்பக்கத்தில் பொருத்தித் தரச் சொல்லித்தான் முன்பணம் கொடுப்பேன்.