ராடு, டிக், பிளாஸ்மா மூன்றும் ஒரே மெஷினில்: வீட்டுப் பட்டறைக்கு வாங்கலாமா? (தண்ணீர்ப் புலம்பலுடன்)

விலை இறங்கியதிலிருந்து ஆளாளுக்குக் கேட்கிறார்கள், ராடு வெல்டிங் (பூச்சுக் கம்பியை உருக்கிப் பற்றவைப்பது), டிக் (ஆர்கான் வாயு மறைப்பில் டங்ஸ்டன் முனையால் பற்றவைப்பது), பிளாஸ்மா கட்டிங் (மின்சாரத்தால் கொதிக்கும் காற்றைப் பீச்சித் தகட்டை வெட்டுவது) மூன்றும் செய்கிற மெஷினை வீட்டுக்கு வாங்கலாமா என்று. எத்தனை ஆம்ப், எத்தனை கிலோ என்பதெல்லாம் பெட்டி மேலேயே அச்சடித்திருக்கிறது, அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் பேசப்போவது தண்ணீரைப் பற்றி. சிரிக்காதீர்கள், கொட்டிவாக்கத்தில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் கார் ஷெட்டைப் பட்டறையாக்கி வைத்திருக்கிறவனுக்கு இந்த மெஷினில் பெரிய தலைவலி தண்ணீர்தான்.

பிளாஸ்மாவுக்குக் காற்று வேண்டும். கம்ப்ரசர் மெஷினோடு வராது, தனியாகத்தான் வாங்க வேண்டும். சென்னையில் 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் இருக்கிற சாதாரண நாளில் ஒரு கன மீட்டர் காற்றில் 20 கிராமுக்கு மேல் தண்ணீர் ஆவியாக இருக்கும். அதை 8 பார் வரை அமுக்கினால் காற்று ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது, ஆறிய பிறகு மூன்று நான்கு கிராமுக்கு மேல் அதனால் தாங்க முடியாது, மீதி அத்தனையும் தண்ணீராக இறங்கும். டார்ச்சு, அதாவது கையில் பிடித்து வெட்டுகிற முனை, நிமிடத்துக்கு 120 லிட்டர் காற்று எடுக்கிறது என்று வைத்தால் எட்டு நிமிட வெட்டுக்கு ஒரு மேசைக்கரண்டிக்குக் குறையாமல் தண்ணீர். டேங்கிலேயே தங்கினால் பரவாயில்லை, அடி வால்வைத் திறந்து விட்டுவிடலாம். ஆனால் கம்ப்ரசர் தொடர்ந்து ஓடும்போது காற்று சூடாகவே வெளியே வரும், ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிவிடும், அப்புறம் ஹோஸில் ஆறி அங்கே துளியாகி நேராக டார்ச்சுக்குள் போகும். கம்ப்ரசர் மேலேயே திருகி வைத்த ஃபில்டர் கிண்ணம் காய்ந்து கிடக்க, டார்ச்சு மட்டும் தண்ணீரைத் துப்பிக்கொண்டிருப்பதன் காரணம் இதுதான். கடையில் விற்கிறவர் ஃபில்டரைக் காட்டி "இது போதும் சார்" என்பார். போதாது.

துப்பினால் என்ன ஆகும்? டார்ச்சைக் கழற்றி எலெக்ட்ரோடைப் பாருங்கள். செம்புக்கு நடுவே மிளகில் பாதிகூட இல்லாத ஒரு பொட்டு பதித்திருக்கும், அது ஹாஃப்னியம் என்கிற உலோகம், ஆர்க் (வெட்டுகிற மின்சுடர்) நிற்பது அதன்மேல்தான். உலர்ந்த காற்றில் அது நடுவே வட்டமாகக் குழிந்து மெதுவாகத் தேயும், ஒன்றரை எம்எம் அளவுக்குக் குழிந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். ஈரக் காற்றில் அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. பொட்டைச் சுற்றிச் செம்பு கருத்துப் பொரிந்திருக்கும், டார்ச்சு நுனியில் இருக்கிற நாசிலின் ஓட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு முட்டை வடிவமாகிவிடும், வெட்டு சாய்ந்து போகும், தகட்டின் அடியில் கசடு கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். அதைக் கிரைண்டர் வைத்து உரசும்போது, முதலிலேயே கிரைண்டரால் வெட்டியிருக்கலாமே என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன், ஷெட்டில் யாரும் இல்லாதபோது.

அப்படியென்றால் காற்று உலர்ந்திருக்கிற நேரமாகப் பார்த்து வெட்டலாமே என்பீர்கள். இங்கேதான் இந்த ஊர் விளையாடுகிறது. நமக்கு உலர்ந்த காற்று என்றால் கோடையில் கடல்காற்று உள்ளே வருவதற்கு முன், மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கிற முற்பகலும் நடுப்பகலும்தான். அப்போது தண்ணீர்த் தொல்லை நன்றாகவே குறைகிறது, வெட்டும் அருமையாக விழுகிறது. ஆனால் மெஷினின் டியூட்டி சைக்கிள், அதாவது 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் என்கிற அந்தக் கணக்கு, 40 டிகிரி சுற்றுச் சூட்டில் போட்டது. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே என் ஷெட் அதைத் தாண்டிவிடும், மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் உட்கார்ந்துவிடும். சரி, வெயில் தாழட்டும் என்று காத்திருந்தால் கடல்காற்று வந்துவிடுகிறது, மனுஷனுக்கு சுகம், டார்ச்சுக்கு ஜலதோஷம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்மா பக்கமே நான் போவதில்லை.

வழி இல்லாமல் இல்லை. கம்ப்ரசருக்கும் ஃபில்டருக்கும் நடுவே செம்புக் குழாயைச் சுருளாக்கிப் பக்கெட் தண்ணீரில் மூழ்க வைத்தால் காற்று முதலில் ஆறும், ஃபில்டருக்கும் பிடிக்க ஏதாவது கிடைக்கும். ஃபில்டரையும் மெஷின் பக்கத்து முனையில் வைக்க வேண்டும். அதற்கு மேல் சிலிகா ஜெல் குடுவை. நீல நிற மணி ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும், வறுத்தால் மறுபடி நீலமாகும் என்று சமையல்கட்டு வாணலியைத் தூக்கிவிடாதீர்கள், அந்த நீலம் கோபால்ட் உப்பு. அதற்கென்று ஒரு பழைய சட்டி வேண்டும், இல்லாவிட்டால் ஆரஞ்சு மணி வாங்கிக்கொள்ளுங்கள். ஆக, ஒரே மெஷின் என்று ஆரம்பித்தது இப்போது கம்ப்ரசர், பக்கெட், சுருள், குடுவை, சட்டி, ஆர்கான் சிலிண்டர் எல்லாம் சேர்ந்து நிற்கிறது. கார் தெருவில் நிற்கிறது.

கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 40 ஆம்பில் பிளாஸ்மா வெட்டினால் சிங்கிள் பேஸில் உள்ளே 25 ஆம்புக்கு மேல் இழுக்கும், அதோடு கம்ப்ரசர் வேறு. 16 ஆம்ப் பிளக்கில் இதைச் செருகிவிட்டு எம்சிபி விழுகிறதே என்று மெஷினைத் திட்டக் கூடாது. தனி லைன் இழுத்து 32 ஆம்ப் எம்சிபி போட்ட பிறகும், வெட்டு நடுவில் கம்ப்ரசர் மோட்டார் எழுந்தால் வோல்டேஜ் ஒரு குதி இறங்கி ஆர்க் அணையும். டேங்கை நிரப்பிவிட்டு வெட்டுவதுதான் ஒரே வழி.

இவ்வளவு திட்டிவிட்டு ராடு வெல்டிங்கைப் பாராட்டாவிட்டால் அது நியாயமில்லை. சாதாரண இரும்புக்கான 12 நம்பர் (இரண்டரை எம்எம்) 6013 ராடைப் போட்டு 75 ஆம்பில் வைத்தால் சுவர் மெலிந்த 18 கேஜ் ஸ்கொயர் ட்யூப் தவிர எல்லாவற்றிலும் வழுவழுவென்று ஓடும், கசடு சுத்தியால் ஒரு தட்டுக்கே உரிந்து வரும். மெலிந்த ட்யூபுக்கு ஆம்பைக் குறைத்து, விட்டு விட்டுப் பொட்டுப் பொட்டாக டாக் அடித்துத்தான் போக வேண்டும், அது எந்த மெஷினிலும் அப்படித்தான். ஒரு கையில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய் துணிக்கொடிக் கம்பத்தையும் டேங்க் ஸ்டாண்டையும் பற்றவைத்தபோது, எண்ணெய் ஊற்றிய பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினோடு மல்லுக்கட்டுகிறவர்களை நினைத்துக்கொண்டேன்.

டிக் இதில் டிசி மட்டும்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு நன்றாக இருக்கிறது. அலுமினியத்துக்கு ஏசி வேண்டும், அதன் மேலிருக்கிற ஆக்சைடு படலத்தை டிசியில் டார்ச்சை மைனஸில் வைத்து உடைக்க முடியாது. உங்களிடம் டிக் இருக்கிறது என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டால் முதலில் வருவது உடைந்த அலுமினியச் சாமான்தான், தயாராக இருங்கள். கடல்காற்று ஆர்கானையும் அடித்துக்கொண்டு போகும், அதனால் ஃபேனை நிறுத்திவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு, வேர்க்க விறுவிறுக்கத்தான் வேலை.

அப்புறம் இந்த மாற்றுகிற வேலை. ராடுக்கு ஹோல்டர் பிளஸில், எர்த் (வேலைத் துண்டைக் கவ்வுகிற கேபிள்) மைனஸில். டிக்குக்குத் தலைகீழ். பிளாஸ்மாவுக்கு எர்த் பிளஸில், டார்ச்சு வேறு. ஒரு துண்டை வெட்டி, பற்றவைத்து, அளவு அரை இஞ்ச் கூடியிருப்பதைப் பார்த்து மறுபடி வெட்ட வேண்டியிருந்தால் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். யாரும் மாட்டமாட்டார்கள், கை தானாகக் கிரைண்டருக்குப் போகும்.

இந்த மெஷின் சர்வீஸுக்கும் போய் வந்துவிட்டது. எதற்கென்றால், ஃபேன் ஓடியது, விளக்கு எரிந்தது, ஆனால் அவுட்புட் இல்லை. கவரைத் திறந்து காட்டினார்கள்: போர்டு முழுக்கக் கிரைண்டர் இரும்புத்தூள், அதன்மேல் உப்புக்காற்று சேர்ந்து சாலிடர் மூட்டுகளில் பச்சைப் பாசி போல் பூத்திருந்தது. பவர் பகுதி போயிருந்தது. மாற்றி, கழுவி, வார்னிஷ் அடித்துக் கொடுத்தார்கள், அதற்கு முன்னால் 'போர்டு வரல சார்' என்று இழுத்தடித்ததைப் பற்றி எழுதினால் வார்த்தை தடித்துவிடும். அதுவரை ராடும் இல்லை, டிக்கும் இல்லை, பிளாஸ்மாவும் இல்லை. பக்கத்துப் பட்டறை அண்ணன் அன்றைக்கே சொன்னார், "மூணும் ஒரே போர்டுல இருந்தா, போனா மூணும் போகும் தம்பி."

கேட், கிரில், டேபிள் ஸ்டாண்ட் செய்யத்தான் என்றால் இது வேண்டாம். 200 ஆம்ப் ராடு மெஷின், 4 இஞ்ச் கிரைண்டர், ட்யூப் வெட்ட ஒரு சாப் சா, போதும். ட்யூபையும் ஆங்கிளையும் நேராக வெட்டுகிறவனுக்குப் பிளாஸ்மா எதற்கு? தகட்டில் வளைவு வெட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் அது, அவர்களும் தனி பிளாஸ்மாவாக, பைலட் ஆர்க் (தகட்டைத் தொடாமலே டார்ச்சுக்குள் முதலில் பற்றுகிற சின்ன ஆர்க்) உள்ளதாகப் பார்த்து வாங்கட்டும், பெயிண்டும் துருவும் இருந்தாலும் பற்றும்.

என்னுடையதை விற்பீர்களா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். விற்கமாட்டேன். போன கோடையில் ஒரு முற்பகல், மேல்காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, 2 எம்எம் ஸ்டெயின்லெஸ் தகட்டில் பிளைவுட் அச்சை வைத்து ஒரு மயில் தோகை வெட்டினேன். டார்ச்சு துப்பவில்லை, வளைவு வளைவாக ஒரே இழுப்பில் போனது, அடியில் இருந்த கசடு விரலால் தட்டியதும் உதிர்ந்தது. அதை எந்தக் கிரைண்டராலும் செய்திருக்க முடியாது. மழைக்கு முன்னால் இன்னொன்று வெட்ட வேண்டும், அதற்குள் சுருளுக்கு இன்னும் கொஞ்சம் நீளமான செம்புக் குழாய் வாங்கிவிட வேண்டும்.