எக்ஸாரும் ஷிஃப்டும் ஒரே கட்டளையில்: கிரேன்லிஃப்டின் ‘ஐல்’ மொழியோடு ஒரு வருடம்

மர்மர்ஹாஷ்3 என்ற ஹாஷ் ஃபங்ஷனின் கடைசிப் பகுதியைப் பார்த்திருப்பீர்கள். 32 பிட் எண்ணை 16 இடம் வலப்புறம் தள்ளி அதே எண்ணோடு எக்ஸார் (இரு பிட்களும் வேறுபட்டால் 1, ஒன்றானால் 0) செய்து, ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். பிறகு 13 இடம் தள்ளி எக்ஸார், இன்னொரு பெருக்கல், கடைசியில் மறுபடி 16 இடம் தள்ளி எக்ஸார். மூன்று ஷிஃப்ட், மூன்று எக்ஸார், இரண்டு பெருக்கல் என்று எட்டுச் செயல்கள். நான் பேக்எண்ட் (கம்பைலரில் செயலிக்கான கட்டளைகளை உருவாக்கும் கடைசிப் பகுதி) எழுதும் செயலியில், எக்ஸார் கட்டளை தன் இரண்டாவது ஆப்பரண்டை (உள்ளீட்டு மதிப்பை) ஷிஃப்ட் செய்தபடியே எடுத்துக்கொள்ளும். ஆர்ம் செயலிகளில் இருப்பதைப் போன்ற வசதிதான். ஆக, ஐந்தே கட்டளைகளில் முடிய வேண்டிய வேலை இது. நான் எழுதிய பேக்எண்ட் எட்டையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தது.

அதைச் சரிசெய்ய உட்கார்ந்த நாளில்தான் ஐல் மொழியை உண்மையாகப் படிக்கத் தொடங்கினேன். அதற்கு முன் இதே செயலிக்கு நான்கு வருடம் எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பில் பேக்எண்ட் எழுதிய அனுபவம் உண்டு. அதன் விதி மொழியான டேபிள்ஜென் கோப்புகளில் பேட்டர்ன் எழுதிப் பழகிய கை. நிரல் ஓடும்போதே கம்பைல் செய்யும் ஜிட் கம்பைலருக்காகக் கிரேன்லிஃப்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. இந்த மதிப்பீடு அந்த ஒரு வருடத்தைப் பற்றியது.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: கிரேன்லிஃப்ட் என்பது ரஸ்ட்டில் எழுதப்பட்ட கோட் ஜெனரேட்டர், வெப்அசெம்பிளி நிரல்களை ஓட்டும் வாஸம்டைம் அதன்மேல்தான் ஓடுகிறது. கட்டளைத் தேர்வுக்கான விதிகளை எழுத அதற்குள் இருக்கும் சிறு மொழி ஐல். இன்ஸ்ட்ரக்‌ஷன் செலக்‌ஷன் லோயரிங் எக்ஸ்பிரஷன்ஸ் என்பதன் சுருக்கம். லிஸ்ப் போல அடைப்புக்குறிகளால் ஆனது. விதியின் இடப்பக்கம் ‘இந்த வடிவத்தைக் கண்டால்’, வலப்பக்கம் ‘இந்தக் கட்டளையைக் கொடு’. பில்ட் ஆகும்போது விதிகள் எல்லாம் சேர்ந்து ரஸ்ட் கோடாக மாறிவிடுகின்றன.

என் முதல் விதி மூன்று வரி. எக்ஸாரின் ஒரு பக்கம் எந்த மதிப்பும் இருக்கலாம், மறுபக்கம் மாறிலி அளவுள்ள வலப்புற ஷிஃப்ட் இருக்க வேண்டும். இருந்தால் சேர்ந்த கட்டளையைக் கொடு. பில்ட் செய்தேன். ஏற்கெனவே இருந்த பொது எக்ஸார் விதியோடு இது மோதுகிறது, எது முதலில் என்று நீ சொல்லவில்லை என்று ஐல் என்னை நிறுத்திவிட்டது. விதிக்கு முன்னால் 1 என்று ஒரு எண் போட்டேன். எதுவும் சொல்லாத விதிக்கு 0. பெரிய எண் முந்தும். அவ்வளவுதான்.

அந்தப் பிழைச் செய்திக்காகவே இந்த மொழிக்கு மதிப்பெண்ணில் பாதியைத் தருவேன். ஏன் என்று சொல்ல டேபிள்ஜென்னுக்குப் போக வேண்டும். அங்கே எந்தப் பேட்டர்ன் முந்தும் என்பதைக் கருவியே கணக்கிடுகிறது. பெரிய வடிவத்துக்கு அதிகச் சிக்கல் எண், அது முதலில். போதவில்லை என்றால் கூடுதல் எண் ஒன்றைக் கையால் சேர்க்கலாம். பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் ஒரு புதுப் பேட்டர்ன் சேர்த்ததும், சம்பந்தமே இல்லாத ஒரு டெஸ்டில் வேறு கட்டளை வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏன் என்று தேடினால், எல்எல்விஎம்மின் கட்டளைத் தேர்வுப் பகுதியான செலக்‌ஷன்டேக்கின் டீபக் வெளியீட்டில் ‘இந்த இடத்தில் பொருந்தவில்லை, அடுத்து இந்த இடத்தில் தொடர்கிறேன்’ என்று மேட்சர் டேபிளின் உள் எண்கள் வரிசையாக ஓடும். அந்த எண் எந்தப் பேட்டர்னைக் குறிக்கிறது என்று உருவாக்கப்பட்ட கோப்பைத் திறந்து நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஐல் உருவாக்கும் ரஸ்ட் கோடிலோ ஒவ்வொரு முடிவின் மேலும் ‘இது இன்ன கோப்பின் இன்ன வரியில் உள்ள விதி’ என்று கமெண்ட் இருக்கிறது. டீபக்கரை அந்த இடத்தில் நிறுத்தலாம். விதி எடுபட்டதா இல்லையா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இது சின்ன விஷயம் போலத் தோன்றலாம், ஆனால் பேக்எண்ட் வேலையில் முக்கால் நேரம் ‘என் விதி ஏன் எடுபடவில்லை’ என்ற கேள்வியில்தான் கழிகிறது.

இரண்டாவதாகப் பிடித்தது, கிரேன்லிஃப்ட் ஃபங்ஷனைக் கீழிருந்து மேலாகப் பார்ப்பது. எக்ஸாருக்கு வரும்போது, அதற்கு மேலே உள்ள ஷிஃப்டுக்கு இன்னும் எந்தக் கட்டளையும் எழுதப்பட்டிருக்காது. எக்ஸார் அதை விழுங்கிவிட்டால், ஷிஃப்டின் முறை வரும்போது அதைக் கேட்க ஆளில்லை. அது எழுதப்படாமலே போகிறது. தேவையற்ற கட்டளையைத் தேடி அழிக்கத் தனிச் சுற்று வேண்டாம். மேலும், செலக்‌ஷன்டேக் ஒரு நேரத்தில் ஒரு பேசிக் பிளாக்கை (நடுவில் கிளை பிரியாத கட்டளை வரிசையை) மட்டும் பார்க்கும். ஷிஃப்ட் ஒரு பிளாக்கிலும் எக்ஸார் அடுத்த பிளாக்கிலும் இருந்தால், முன்கூட்டியே யாராவது இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருந்தால்தான் சேரும். எல்எல்விஎம்மிலேயே இந்த எல்லையைத் தாண்டத்தான் 2015-இல் ஃபங்ஷன் முழுவதையும் பார்க்கும் குளோபல்ஐசெல் முன்மொழியப்பட்டது. கிரேன்லிஃப்டில் பக்கவிளைவு (மெமரியை மாற்றுவது போன்றது) இல்லாத செயல் எந்த பிளாக்கில் இருந்தாலும் விதிக்குத் தெரியும்.

லோட் மட்டும் விதிவிலக்கு, அப்படித்தான் இருக்க வேண்டும். மெமரியிலிருந்து படிப்பதைக் கீழே உள்ள கட்டளைக்குள் நகர்த்தினால், இடையில் ஒரு ஸ்டோர் (மெமரியில் எழுதுதல்) இருந்தால் மதிப்பே மாறிவிடும். லோடுக்கும் அதைப் பயன்படுத்தும் கட்டளைக்கும் நடுவே பக்கவிளைவு எதுவும் இல்லை, அந்த லோடின் மதிப்பைப் பயன்படுத்துவது இந்த ஓர் இடம் மட்டும்தான் என்ற இரண்டும் உறுதியானால்தான் நகர்த்த விடுகிறது. இந்தச் சரிபார்ப்பை விதி எழுதுபவர் தலையில் கட்டாமல், ‘நகர்த்தக்கூடிய லோட்’ என்று ஒரே சொல்லில் கொடுத்திருக்கிறார்கள். எல்எல்விஎம் பேக்எண்டில் மெமரி செயல்களின் வரிசையைக் காக்கும் செயின்களோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இனி நான் செய்த தவறு. ஹாஷ் ஐந்து கட்டளைக்கு வந்துவிட்டது, டெஸ்ட் கோப்பைப் புதுப்பித்தேன், சேர்த்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து என்னோடு வேலை செய்யும் இளையவர் வந்து நின்றார்.

“அக்கா, கம்பைல் டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுது. ஆனா எமுலேட்டர்ல ஓட்டினா 39 வர வேண்டிய இடத்துல 103 வருது.”

“எந்த டைப்ல?”

“எட்டு பிட்.”

அந்தச் சொல்லைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது. கிரேன்லிஃப்டில் 8 பிட் மதிப்பு ஒரு ரெஜிஸ்டரில் இருந்தால், மேல் பிட்களில் என்ன இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 200-ஐயும் 100-ஐயும் 8 பிட்டில் கூட்டினால் விடை 44. ஆனால் ரெஜிஸ்டரில் கிடப்பது 300. அதை இரண்டு இடம் வலப்புறம் தள்ளினால் 11 வர வேண்டும், வருவதோ 75. மேலே கிடந்த குப்பை கீழே இறங்கிவிட்டது. 44-ஐயும் 11-ஐயும் எக்ஸார் செய்தால் 39. 300-ஐயும் 75-ஐயும் செய்து கீழ் எட்டு பிட்டை எடுத்தால் 103. இடப்புற ஷிஃப்டாக இருந்திருந்தால் குப்பை மேலேயே போயிருக்கும், கீழ் எட்டு பிட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான் இடப்புற விதியைப் பார்த்து வலப்புற விதியை எழுதியிருந்தேன், ‘32, 64 பிட்டுக்கு மட்டும்’ என்ற கட்டுப்பாட்டைப் போடாமல்.

ஐல் ஏன் இதைப் பிடிக்கவில்லை? அதன் வகைச் சோதனை ‘இது மதிப்பா, ரெஜிஸ்டரா, கட்டளையா’ என்ற அளவில்தான். ரெஜிஸ்டருக்குள் மேல் பிட்கள் சுத்தமா என்பது அதன் வகைகளில் இல்லை. போதாக்குறைக்கு, மதிப்பை ரெஜிஸ்டராக மாற்றும் வேலையை மொழி தானாகவே செய்துவிடுகிறது. விதியில் ஒரு பெயரை மட்டும் எழுதினால் போதும், நடுவில் மாற்றும் சொல்லை அதுவே நுழைத்துக்கொள்ளும். படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் ‘பூஜ்யத்தால் நிரப்பி எடு’ என்று நான் எழுதியிருக்க வேண்டிய இடம் அந்த அழகில் கண்ணிலிருந்து மறைந்துபோனது. இப்போது சிறிய வகைகளுக்கு அந்த மாற்றத்தை நான் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

இந்த வகைத் தவறு சின்னதல்ல என்பதற்குச் சான்று கிரேன்லிஃப்டின் சரித்திரத்திலேயே இருக்கிறது. 2023 மார்ச்சில் வெளியான பாதுகாப்பு அறிவிப்பு அது. எக்ஸ்86-64-இல் அட்ரஸ் கணக்கிடும் விதி ஒன்று, 32 பிட்டில் நடக்க வேண்டிய இடப்புற ஷிஃப்டை அட்ரஸ் மோடுக்குள் (கட்டளையே அட்ரஸைக் கணக்கிடும் வடிவத்துக்குள்) மடித்தது. அட்ரஸ் மோடோ 64 பிட்டில் கணக்கிடும். 32-ஐத் தாண்டி உதிர்ந்திருக்க வேண்டிய பிட்கள் உதிரவில்லை. வெப்அசெம்பிளியின் 33 பிட் அட்ரஸ் 35 பிட்டாகிவிட்டது. தன் மெமரிக்கு வெளியே படிக்கவும் எழுதவும் உள்ளிருக்கும் நிரலுக்கு வழி திறந்தது. தீவிரம் பத்துக்கு 9.9. ஒரு கட்டளையை மிச்சப்படுத்த எழுதிய விதி அது, என்னுடையதைப் போலவே.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது. விதிகள் நிரலாகச் சிதறிக் கிடக்காமல் தனி மொழியில் இருப்பதால், அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து கணித ரீதியில் சரிபார்க்க முடிகிறது. 2024-இல் ஆஸ்பிளாஸ் மாநாட்டில் வந்த குரோகஸ் ஆய்வு அதைத்தான் செய்தது: விதியின் இரு பக்கமும் ஒரே பொருள் தருகிறதா என்று எஸ்எம்டி சால்வர் என்ற தர்க்கக் கருவியிடம் கேட்பது. மேலே சொன்ன பிழை உட்பட தெரிந்த மூன்று பிழைகளை அது மறுபடி கண்டுபிடித்தது. யாருக்கும் தெரியாத இரண்டையும் புதிதாகப் பிடித்தது. என் எட்டு பிட் தவறும் இப்படிப்பட்ட சோதனையில் நிச்சயம் மாட்டியிருக்கும் வகை.

குறைகளைச் சொல்லாவிட்டால் இது மதிப்பீடாகாது. பெரிய குறை, ஐலுக்குச் செலவு என்ற எண்ணமே கிடையாது. முன்னுரிமை எண் ‘எது முதலில்’ என்று சொல்லும், ‘எது மலிவு’ என்று சொல்லாது. மர வடிவக் கோவைகளுக்குக் குறைந்த செலவுள்ள கட்டளைத் தொகுப்பை டைனமிக் புரோகிராமிங்கால் கண்டுபிடிக்கலாம் என்று ஆஹோவும் ஜான்சனும் 1976-லேயே காட்டிவிட்டார்கள். மதிப்புகளைப் பல இடம் பகிரும் டேக் வடிவத்தில் அதே கேள்வி என்பி-கம்ப்ளீட் (வேகமான பொதுத் தீர்வு அறியப்படாதது) ஆகிவிடுகிறது, எனவே ஜிட் ஒன்று பேராசையாக முதல் பொருத்தத்தை எடுப்பதை நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் வலிக்கிறது. சில ஆர்ம் கோர்களில் இடப்புறம் 4 வரையான ஷிஃப்ட் கூட்டலோடு இலவசமாக வரும். அதைத் தாண்டினால் ஒரு சுழற்சி கூடும். இத்தகைய வேறுபாட்டை ஐலில் சொல்ல ஒரே வழி, நிபந்தனையை விதியிலேயே எழுதி, எண்ணைக் கையால் போடுவது. எங்கள் செயலியின் அடுத்த பதிப்புக்கு அந்த எண்களையெல்லாம் மறுபடி தொட வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, விதியின் இடப்பக்க வடிவத்தைச் சோதிக்க ரஸ்ட்டில் எழுதிக் கொடுக்கும் எக்ஸ்ட்ராக்டர்கள். அவற்றுக்குள் என்ன நடக்கிறது என்று ஐலுக்குத் தெரியாது. ஒன்றுக்கொன்று மோதவே வாய்ப்பில்லாத இரு விதிகளை மோதுகின்றன என்று சொல்லி எண் கேட்கும். போகப் போக எண்கள் பெருகி, 3-க்கும் 5-க்கும் நடுவே ஏன் இது இருக்கிறது என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. பக்கத்தில் ஒரு வரி கமெண்ட் எழுதிவிடுங்கள். பில்ட் நேரமும் பொறுமையைச் சோதிக்கும். ஒரு விதியைத் தொட்டாலும் கோட்ஜென் கிரேட் (ரஸ்ட் தொகுப்பு) முழுவதும் மறுபடி கம்பைல் ஆகிறது.

டெஸ்ட் வசதியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெளிவரும் அசெம்பிளியை அப்படியே கோப்பில் வைத்து ஒப்பிடும் முறை இருக்கிறது. ஒரு என்விரான்மென்ட் மாறியை வைத்தால் புது வெளியீட்டைக் கோப்பில் அதுவே எழுதிவிடும். மிக வசதி. அந்த வசதியால்தான் என் தவறான விதியின் வெளியீடும் ‘சரியான விடை’யாகக் கோப்பில் உட்கார்ந்தது. அசெம்பிளியை ஒப்பிடும் டெஸ்ட் எதையும், அதே ஃபங்ஷனை ஓட்டி விடையைப் பார்க்கும் டெஸ்ட் இல்லாமல் இப்போது நாங்கள் ஏற்பதில்லை. இன்டர்பிரெட்டரிலும் அதே கோப்பை ஓட்ட முடியும் என்பதால் எதிர்பார்க்கும் விடையை இரண்டு முறை எழுதும் வேலை இல்லை.

கடைசியாக, எந்த விதியை எங்கே எழுதுவது என்பது. கிரேன்லிஃப்டின் நடுப்பகுதியில் சமமான கோவைகளைச் சேர்த்து வைக்கும் ஈ-கிராஃப் அடிப்படையிலான சீரமைப்பும் ஐலில்தான் எழுதப்படுகிறது. எட்டால் பெருக்குவதை மூன்று இட ஷிஃப்டாக்குவது எல்லாச் செயலிக்கும் பொது. அதன் இடம் அங்கே. ஷிஃப்டை எக்ஸாருக்குள் மடிப்பது செயலியின் வடிவம். அதன் இடம் லோயரிங், அதாவது செயலியின் கட்டளைகளாக மாற்றும் கட்டம். ஆரம்பத்தில் நான் எல்லாவற்றையும் லோயரிங்கிலேயே எழுதி, ஒரே விதியின் ஆறு வேடங்களைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். பொதுவானவற்றை நடுப்பகுதிக்கு நகர்த்தியதும் வந்துசேரும் வடிவங்கள் குறைந்து, லோயரிங் கோப்பு மெலிந்தது.

பலவகைச் செயலிகளுக்கு உச்ச வேகக் கோட் வேண்டும், கம்பைல் நேரம் பொருட்டில்லை என்றால் எல்எல்விஎம்தான் இன்றும் என் பரிந்துரை; கட்டளைகளின் வரிசையைத் தீர்மானிக்கும் அதன் ஷெட்யூலிங் மாடலுக்கும் கோவைகளை எளிதாக்கும் காம்பைன் விதிகளின் செல்வத்துக்கும் இங்கே ஈடு இல்லை. ஜிட் எழுதுகிறீர்கள், அல்லது உங்கள் செயலிக்கு முதல் பேக்எண்டைச் சிறு குழுவாக எழுதப்போகிறீர்கள் என்றால், ஐலை எடுங்கள். முதல் விதியைச் சேர்க்கும் நாளிலேயே 8 பிட்டுக்கும் ஒரு ரன் டெஸ்ட் எழுதுங்கள். எங்கள் கோப்பில் அந்த டெஸ்ட் 200-லும் 100-லும்தான் தொடங்குகிறது.